தூக்க மாத்திரை கேட்டு வரும் அக்காமார்களுக்கு

காங்கேயத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சுற்றிலும் அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, கொப்பரைக் களம். சாயங்காலம் வேலை முடிந்து பஸ் ஏறும் முன் கடைக்கு வருகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். அவர்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இரண்டு மாத்திரை கேட்பார்கள். ஒன்று தூக்கத்துக்கு, இன்னொன்று ஞாபகத்துக்கு. "ஏனுங்க அக்கா, படுத்தா கண்ணு மூட மாட்டேங்குது. எதாச்சும் குடுங்க." டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை தர முடியாது. வெறுங்கையோடு அனுப்பவும் மனசு வராது. அதனால் ஒரு கேள்வி கேட்பேன்: "தீட்டு இன்னும் வருதுங்களா?"

"கர்ப்பப்பையை எடுத்து வருசம் ஆச்சுங்களே" என்று சொல்கிறவர்கள் நிறைய. "ஓவரியையும் எடுத்துட்டாங்களா, இருக்குதுங்களா?" என்றால், "அது தெரியலீங்க" என்பார்கள்.

கர்ப்பப்பை வேறு, ஓவரி வேறு. கர்ப்பப்பை போனால் தீட்டு நிற்கும், இனிப் பிள்ளை பிறக்காது. சினைப்பை என்கிறோமே, அந்த ஓவரி இரண்டும் போனால், அவை சுரக்கிற பெண் ஹார்மோன்களான ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் ஓரிரு நாளிலேயே அடிமட்டத்துக்கு வந்துவிடும். ஆண்களுக்கு உரியது என்று நாம் நினைக்கிற டெஸ்டோஸ்டிரோன்கூட ஏறக்குறைய பாதியாகும். தீட்டு தானாக நிற்கும்போது இதே குறைவு நாலைந்து வருடத்தில், ஏறி இறங்கித்தான் வரும். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. 45 வயதுக்கு முன்னால் நின்றால் சீக்கிரம் என்றும், 40 வயதுக்கு முன்னால் என்றால் மிகச் சீக்கிரம், கட்டாயம் கவனிக்க வேண்டியது என்றும் மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

எனக்கு 42 வயதில் இரண்டு ஓவரியிலும் பெரிய கட்டி. காப்பாற்ற வழியில்லாமல் கர்ப்பப்பையோடு சேர்த்து எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போதே ராத்திரியில் நைட்டி நனைய வேர்த்தது. வீடு வந்து கடையில் உட்கார்ந்த பிறகு, வருடக்கணக்காகக் கை தானாகப் போய் எடுத்த மருந்துகளின் பெயர்கூட நாக்கு நுனி வரை வந்து நின்றது. அலமாரி முன்னால் நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று யோசித்திருக்கிறேன். மருந்துக்கடைத் தொழிலுக்கு ஞாபகம்தான் மூலதனம். மறதி நோயின் ஆரம்பம் என்றே பயந்தேன். ஈரோட்டில் என்னைப் பார்த்த பெண் மருத்துவர், ஹார்மோன் திடீரென்று நின்றதால் வருவது இது என்று பொறுமையாக விளக்கி, எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஜெல் எழுதிக் கொடுத்தார். முதலில் வேர்வை குறைந்தது, அப்புறம் தூக்கம் வந்தது, அதற்கும் அப்புறம்தான் வார்த்தைகள் திரும்பின. அந்த வரிசை முக்கியம். தூக்கத்தைச் சரி செய்யாமல் ஞாபகத்துக்கு மட்டும் மருந்து தேடினால் கிடைக்காது.

பழைய ஃபைலைத் தேடி எடுங்கள்

ஆபரேசன் ஆனவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். பீரோவில் சேலைக்கு அடியிலோ, ரேஷன் கார்டு வைத்த கவரிலோ டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும். அதில் என்ன அறுவை செய்தார்கள் என்ற வரியைப் பாருங்கள். டி.ஏ.ஹெச். என்றால் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். வி.ஹெச். என்றால் கீழ்வழியாக. டி.எல்.ஹெச். என்றால் லேப்ராஸ்கோப்பியில். இவற்றில் எது இருந்தாலும் கர்ப்பப்பை போனது மட்டும்தான் தெரியும். அதோடு சேர்த்து பி.எஸ்.ஓ. என்று இருந்தால் இரண்டு பக்கமும் கருக்குழாய், ஓவரி எல்லாம் போயாயிற்று. யு.எஸ்.ஓ. என்றால் ஒரு பக்கம் மட்டும். வெறும் பி.எஸ். என்றால் குழாய்களை மட்டும் எடுத்திருக்கிறார்கள், ஓவரி இருக்கிறது. பயாப்சி ரிப்போர்ட் இருந்தால் இன்னும் உறுதி. எந்தெந்த உறுப்பு பரிசோதனைக்கு வந்தது என்று அதில் தனித்தனியாக எழுதியிருப்பார்கள்.

ஃபைல் தொலைந்திருந்தால், ஆபரேசன் நடந்த மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் பெயர், வருடம், ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) சொல்லிக் கேட்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால் ஸ்கேனும், ஓவரியைத் தூண்டுகிற ஹார்மோனை அளக்கிற எஃப்.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனையும் சேர்த்து மருத்துவர் ஒரு முடிவுக்கு வருவார். தீட்டு நின்ற பிறகு ஓவரி சுருங்கிவிடுவதால் ஸ்கேனில் தெரியாமல் போவதும் உண்டு. ஸ்கேனை மட்டும் வைத்து இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஓவரியை விட்டுவைத்தவர்களுக்கும் ஒரு சேதி உண்டு. கர்ப்பப்பை வழியாக ஓவரிக்குப் போகிற ரத்தத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், மற்றவர்களைவிடச் சில வருடம் முன்னதாகவே ஓவரி ஓயலாம். தீட்டு ஏற்கெனவே இல்லாததால் அது ஓய்ந்தது யாருக்கும் தெரியாது. நாற்பது, நாற்பத்திரண்டில் காரணம் தெரியாமல் தூக்கம் கெட்டு, மேல் திகுதிகுவென்று எரிந்தால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

இனிமேல்தான் ஆபரேசனுக்குப் போகப் போகிறீர்கள் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைக் கேளுங்கள்: "டாக்டர், ஓவரியை எடுக்கறீங்களா, விடறீங்களா? எடுக்கறதுன்னா எதுக்காக?" கட்டி, புற்றுநோய் என்று காரணம் இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். தாய், தங்கைக்கு மார்பகப் புற்றுநோயோ ஓவரி புற்றுநோயோ இருந்து, பிஆர்சிஏ மரபணு மாற்றம் உங்களுக்கும் இருப்பது உறுதியானால், 35 முதல் 45 வயதுக்குள் எடுத்துவிடச் சொல்வது உயிர் காக்கிற யோசனை. அதைத் தள்ளிப் போடாதீர்கள். இப்படி எதுவும் இல்லாமல், "எப்படியும் வயித்தத் திறக்கறோம், அதையும் சேர்த்து எடுத்துட்டா பிற்காலத்துல தொந்தரவு இல்ல" என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள். தீட்டு நிற்காத பெண்ணுக்கு, குடும்ப வழியாக வரும் ஆபத்து இல்லாதபோது, நல்ல ஓவரியை விட்டுவைப்பதையே முக்கியமாக யோசிக்க வேண்டும் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2008-லேயே சொல்லியிருக்கிறது. நம் ஊரில் வெள்ளைப்படுதலுக்கும் இடுப்பு வலிக்கும்கூடக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்து நிற்கிற பெண்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. முப்பத்தைந்து வயதில் அத்தனையும் இழக்கிற அளவுக்கு அது நோயே இல்லை.

ராத்திரி மூன்று மணிக்கு ஏன் விழிப்பு வருகிறது

உடம்புச் சூட்டைக் கட்டுக்குள் வைக்கிற இடம் மூளையின் அடியில் இருக்கிற ஹைப்போதலாமஸ். ஈஸ்ட்ரோஜன் இருக்கும் வரை அங்குள்ள சில நரம்பு செல்கள் அடங்கி இருக்கும். அது குறைந்ததும் அவை அளவுக்கு மீறித் தூண்டப்படும். கொஞ்சம் சூடு ஏறினாலே உடம்பு கொதிக்கிறது என்று எடுத்துக்கொண்டு ரத்தக் குழாய்களைத் திறந்துவிடும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வேர்த்துக் கொட்டி, அடுத்த நிமிடம் குளிரும். ராத்திரியில் இது பல தடவை வந்து போகும். முழுதாக விழிக்காவிட்டாலும் ஆழ்ந்த தூக்கம் ஒவ்வொரு தடவையும் கலையும். காலையில் "எட்டு மணி நேரம் படுத்தேன், அசதி தீரல" என்று சொல்வதற்குக் காரணம் இது.

புரோஜெஸ்டிரோனுக்கு இன்னொரு வேலை. அது உடம்பில் உடைந்து அல்லோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாறும். மூளையைச் சாந்தப்படுத்துகிற காபா ஏற்பிகளில் (ஏற்பி என்பது ஹார்மோனும் மருந்தும் போய் ஒட்டுகிற இடம்), தூக்க மாத்திரை வேலை செய்கிற அதே இடத்துக்குப் பக்கத்தில் இதுவும் வேலை செய்கிறது. உடம்பே தயாரித்த அந்த மருந்து நின்றுபோனதால்தான் படுத்தவுடன் மனசு ஓடத் தொடங்குகிறது. சின்னப் பேச்சுக்கெல்லாம் அழுகை வருவதும், மருமகள் மேல் எரிந்து விழுவதும் இதோடு சேர்ந்ததுதான்.

ஞாபகத்துக்கு வருவோம். புதிதாகக் கற்றதைப் பதிய வைக்கிற ஹிப்போகாம்பஸிலும், திட்டமிடுகிற முன்மூளையிலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் நிறைய. நரம்பு செல்களுக்கு இடையிலான இணைப்புகளுக்கும், மூளை சர்க்கரையை எரித்து சக்தியாக்குவதற்கும் அந்த ஹார்மோன் உதவுகிறது. அது குறையும்போது முதலில் தட்டுப்படுவது வார்த்தை. ஆள் முகம் தெரியும், பேர் வராது. கணக்குப் போட முடியும், கொஞ்சம் நேரம் பிடிக்கும். அன்றைக்குப் படித்ததும் கேட்டதும் தூக்கத்தில்தான் மூளையில் பதியும் என்பதால், தூக்கமும் கெட்டால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது.

இதில் மனசுக்கு ஆறுதலான விஷயம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஒரே பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து வரும் ஸ்வான் ஆய்வில், தீட்டு தானாக நிற்கிற மாற்றக் காலத்தில் கற்கும் திறன் மந்தமாகி, நின்று முடிந்த பிறகு திரும்பப் பழைய நிலைக்கு வந்தது தெரிந்தது. அதே ஆய்வு, அடிக்கடி உடம்பு எரிந்து வேர்க்கிற தொந்தரவு உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு அது 7.4 வருடத்துக்கும் மேல் நீடிக்கிறது என்றும் சொல்கிறது. "ஒரு வருசத்துல தானாப் போயிரும், பொறுத்துக்க" என்று சொல்கிறவர்கள் இந்த எண்ணை நினைவில் வைக்க வேண்டும்.

இள வயதில் ஓவரியை எடுத்தவர்களின் கதை வேறு. அமெரிக்காவின் மாயோ கிளினிக் ஆய்வாளர்கள், 1950 முதல் 1987 வரை மின்னசோட்டா மாநிலத்தின் ஒரு பகுதியில் ஓவரி எடுக்கப்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்து 2007-ல் வெளியிட்டார்கள். தீட்டு நிற்கும் முன்பே எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் அறிவுத்திறன் குறைவும் மறதி நோயும் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. எவ்வளவு இள வயதோ அவ்வளவு கூடுதல். 50 வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களிடம் அந்தக் கூடுதல் தெரியவில்லை. வாய்ப்பு கூடுகிறது என்பதால் எல்லோருக்கும் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. ஆனால் 45 வயதுக்கு முன்னால் இரண்டு ஓவரியும் போன ஒரு பெண், ஹார்மோன் சிகிச்சை தனக்கு ஆகுமா ஆகாதா என்று ஒரு மருத்துவரிடமாவது உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இந்த ஒரு வரிக்காகத்தான்.

ஹார்மோன் சிகிச்சை என்றதும் பயப்படுகிறவர்களுக்கு

"அதப் போட்டா கேன்சர் வருமாமா?" எல்லோரும் கேட்பது இதைத்தான். இந்தப் பயத்தின் வேர் 2002-ல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வு. அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. ஈஸ்ட்ரோஜனோடு, புரோஜெஸ்டிரோன் போலச் செயற்கையாகச் செய்த புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை கொடுத்ததில் மார்பகப் புற்றுநோய் வருடத்துக்கு 10,000 பேரில் சுமார் 8 பேருக்குக் கூடுதலாக வந்தது. கர்ப்பப்பை எடுத்து, ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்துக்கொண்டவர்களிடம் அப்படிக் கூடவில்லை. 65 வயதுக்கு மேல் அந்தக் கூட்டு மாத்திரையைத் தொடங்கியவர்களுக்கு மறதி நோய் இரண்டு மடங்கானது என்று 2003-ல் வந்தது. ஆக, எந்த வயதில் தொடங்குகிறோம், எந்த மருந்து, எந்த வழி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்றைக்கு மருத்துவர்கள் பொதுவாகப் பின்பற்றுவது இது. வயது 60-க்குள், தீட்டு நின்று 10 வருடத்துக்குள் என்றால், தொந்தரவு அதிகமுள்ள பெண்ணுக்கு, தடை எதுவும் இல்லாதபோது, நன்மை கூடுதல். சீக்கிரமே ஓவரி போனவர்களுக்கு, தீட்டு இயற்கையாக நிற்கிற வயது வரையாவது கொடுப்பது. கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துப் புற்றுநோயாகலாம். கர்ப்பப்பை இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். கையில் தேய்க்கிற ஜெல்லில், மாத்திரையைவிட ரத்தம் உறையும் ஆபத்து குறைவு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருப்பவர்கள் இதைத் தொடக் கூடாது. யாரோ போட்டு நல்லா இருந்தது என்று அந்த டப்பாவைக் கொண்டுவந்து "இதே குடுங்க" என்றால் நான் தர மாட்டேன்.

தானாக, சரியான வயதில் தீட்டு நின்ற பெண்கள் மறதி நோயைத் தடுப்பதற்கென்று மட்டும் ஹார்மோன் போடத் தேவையில்லை. அப்படிப் போட்டுப் பார்த்த ஆய்வுகளில் ஞாபகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஹார்மோன் ஆகாதவர்கள் கைவிடப்பட்டவர்கள் அல்ல. வென்லாஃபாக்சின், பராக்ஸெட்டின் போன்ற மருந்துகளைக் குறைந்த அளவில் கொடுத்தால் வேர்வை குறையும். ராத்திரித் தொந்தரவுக்குக் கேபாபென்டின் கொடுப்பதும் உண்டு. டமாக்சிஃபென் சாப்பிடுகிற மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் பராக்ஸெட்டினைத் தவிர்க்க வேண்டும், டமாக்சிஃபெனின் வேலையை அது கெடுக்கும். மருத்துவர் மறந்தாலும் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

ராத்திரியைச் சரி செய்வது

முதலில் தூக்க மாத்திரையைப் பற்றி. அல்ப்ரசோலம், டயாசெபம் எல்லாம் ஹெச்1 பட்டியல் மருந்துகள். 2014 முதல் டாக்டர் பெயரும் நோயாளி பெயரும் தனி நோட்டில் எழுதித்தான் விற்க வேண்டும். அவை பழக்கமாகும், ஞாபகத்தை மந்தமாக்கும், ராத்திரி எழுந்தால் தள்ளாடி விழ வைக்கும். எலும்பு ஏற்கெனவே மெலிந்துவரும் வயதில் விழுந்தால் இடுப்பு முறியும். சளி, அரிப்புக்குப் போடுகிற பழைய மாத்திரைகளைத் தூக்கத்துக்காகப் போடுவதும் மறதியைக் கூட்டும். ஏற்கெனவே மாதக்கணக்கில் தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

படுக்கும் இடத்தைக் குளிர வையுங்கள். சிமெண்ட் ஷீட் வீட்டில் சித்திரை மாதம் ராத்திரி பத்து மணிக்கும் அனல் இறங்கும். முடிந்தால் மொட்டை மாடியிலோ திண்ணையிலோ படுங்கள். நைலக்ஸ் நைட்டியை விட்டுவிட்டுப் பருத்தி. கனமான ஒரு போர்வைக்குப் பதில் சென்னிமலைப் பருத்திப் பெட்ஷீட் இரண்டு, மெல்லியதாக, ஒன்றைத் தள்ளிவிடலாம். தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீரும் துண்டும். வேர்த்தவுடன் விளக்கைப் போட்டு, போனை எடுத்து மணி பார்க்காதீர்கள். ராத்திரிக் குழம்பில் காரத்தைக் குறையுங்கள், படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள். மத்தியானத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். களத்திலும் கம்பெனியிலும் நாலரை மணிக்கு டீ கொடுப்பார்கள். அந்த நேரத்தில் மோரோ சுக்குத் தண்ணியோ போதும், சுக்கு சூட்டைக் கிளப்பினால் மோரே நல்லது.

இதைவிடப் பலன் தருவது படுக்கைப் பழக்கம். தூக்கமின்மைக்கு உலகம் முழுக்க முதலில் சொல்லப்படும் சிகிச்சை மாத்திரை இல்லாத இந்த முறைதான். மாதவிடாய் நிற்கிற வயதுப் பெண்களுக்குத் தொலைபேசி வழியாகவே சொல்லிக்கொடுத்து, பலன் கிடைத்திருக்கிறது. எழுகிற நேரத்தை ஒன்றாக வையுங்கள், ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி, ராத்திரி முழுக்கப் புரண்டிருந்தாலும் சரி. தூக்கம் கண்ணைச் சொக்கும்போது மட்டும் படுங்கள். எட்டு மணிக்கே படுத்துக் காத்திருக்காதீர்கள். இருபது நிமிடம் போல விழித்துக் கிடந்தால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். மங்கின வெளிச்சத்தில் பூக் கட்டுங்கள், பயறு பொறுக்குங்கள், சாமி பாட்டு முணுமுணுங்கள். சொக்கும்போது திரும்பப் படுங்கள். பகல் தூக்கம் அரை மணிக்குள், மூன்று மணிக்கு முன்னால். முதல் வாரம் இன்னும் அசதியாக இருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு தொடருங்கள். பனியன் கம்பெனியில் அரை நைட்டு, முழு நைட்டு என்று வேலை பார்க்கிற பெண்களுக்கு இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஷிப்டை வாரத்துக்கு வாரம் மாற்றாமல் ஒரே நேரமாகத் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள்.

சில விழிப்புகளுக்குக் காரணம் வேறு. தீட்டு நின்ற பிறகு பெண்களுக்கும் குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நிற்பதும் கூடும். பக்கத்தில் படுப்பவர்களைக் கேளுங்கள்: குறட்டை நடுவில் நின்று திணறுகிறீர்களா என்று. அப்படியென்றால் அதற்குத் தனிப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. படுத்ததும் கால் குடைந்து, அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்போல் இருந்தால் இரும்புச்சத்தைப் பாருங்கள். ராத்திரி இரண்டு மூன்று தடவை ஒண்ணுக்கு எழுவது, எரிவது, கீழே வறட்சி என்றால் சொல்ல வெட்கப்படாதீர்கள். உள்ளே தடவுகிற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது, ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேரும், நன்றாக வேலை செய்யும்.

மறதி

ஹார்மோன் மேல் பழி போடுவதற்கு முன் நாலு ரத்தப் பரிசோதனை: தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையும். அது குறைந்தால் மறதியும் கால் மரப்பும் வரும், ஊசியிலோ மாத்திரையிலோ சரியாகும். என்னிடம் மறதிக்கு மாத்திரை கேட்டு வந்த பெண்களில் தைராய்டும் பி12-ம் காரணமாக இருந்தவர்கள் உண்டு. விளம்பரத்தில் வருகிற ஞாபக சக்தி டானிக் வேண்டாம். வல்லாரைத் துவையல் பிடித்தால் சாப்பிடுங்கள், மருந்துக்கு மாற்றாக நினைக்காதீர்கள்.

மூளையைக் காப்பது என்பது ரத்தக் குழாயைக் காப்பதும்தான். ஈஸ்ட்ரோஜன் போன பிறகு பிரஷரும் கெட்ட கொழுப்பும் ஏறும். மறதி நோய்க்கு மாற்றக்கூடிய 14 காரணங்களை 2024-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்டது. அவற்றை எல்லாம் சரி செய்தால் ஏறக்குறைய 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, எடை எல்லாம் அதில் உண்டு. நம் ஊர்ப் பெண்களுக்காக அதிலிருந்து இரண்டைத் தனியாகச் சொல்கிறேன். ஒன்று காது. வெள்ளகோவில், பல்லடம் பக்கம் விசைத்தறியில் வருடக்கணக்கில் நின்றவர்களுக்குக் காது மந்தமாகிறது. கேட்காதவர் பேச்சைக் குறைக்கிறார், தனியாகிறார், மூளைக்கும் வேலை குறைகிறது. தறியில் இருக்கும்போது காதடைப்பான் வையுங்கள், மந்தமானால் கருவி வாங்கிப் போடுங்கள். இன்னொன்று தலையில் அடி. ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போகிற பெண்களும் ஹெல்மெட் போடுங்கள்.

பிரஷர், சர்க்கரை மாத்திரை அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. வாங்கி வைத்துவிட்டு மறக்காமல் சாப்பிடுங்கள். அளவு பார்க்க வருகிறவர்களிடமே உங்கள் தூக்கத்தையும் சொல்லுங்கள்.

உடற்பயிற்சிக்கு நான் சொல்வது வள்ளி கும்மி. ஊருக்கு ஊர் இப்போது சொல்லித் தருகிறார்கள். இரண்டு மணி நேரம் வேர்க்க ஆடுகிறோம், அடவு ஞாபகம் வைக்கிறோம், பாட்டுக்கு ஏற்றபடி கால் மாற்றுகிறோம், பத்துப் பெண்களோடு சிரிக்கிறோம். மூளைக்கு வேண்டிய உடலசைவு, புதிதாகக் கற்பது, ஆள் கூட்டம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கிறது. நான் ஐம்பதைத் தாண்டித்தான் சேர்ந்தேன், முதல் அடவு பிடிபடவே நாள் ஆனது. அந்தத் திணறலே மூளைக்கு நல்லது. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் வேலையும் வேண்டும், எலும்புக்காக. சாப்பாட்டில் கொள்ளு, பச்சைப்பயறு, ராகிக் களி, முருங்கைக்கீரை, எள்ளு, கடலை. மூலனூர்ப் பக்கத்து முருங்கையை வெளியூருக்கு அனுப்பிவிட்டு நாம் கீரையைச் சாப்பிடாமல் இருக்கிறோம்.

வீட்டில் இருக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி மின்விசிறியைக் கூட்டினால் சண்டை போடாதீர்கள். "சொன்னத மறந்துட்டா, எப்பவும் இப்படித்தான்" என்று பிள்ளைகள் முன்னால் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது கூடப் போங்கள், அவர் சொல்வதை எழுதி வையுங்கள்.

கடைசியாக, எது சாதாரணம், எது இல்லை. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது, பேர் சட்டென்று வராமல் பத்து நிமிடம் கழித்து வருவது இந்த வயதின் தொந்தரவு. ஒரே கேள்வியை அரை மணிக்குள் திரும்பத் திரும்பக் கேட்பது, தினமும் போகிற வழியில் திசை தெரியாமல் நிற்பது, வருடக்கணக்காக வைத்த குழம்பை எப்படி வைப்பது என்றே தடுமாறுவது, பணத்தை எண்ணத் தெரியாமல் போவது, இவை நரம்பு மருத்துவரிடம் போக வேண்டியவை. தனியாகப் போகாமல், உங்களோடு தினமும் இருக்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், மாறுதலை அவர்தான் சரியாகச் சொல்வார். சாப்பிடுகிற மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தீட்டு நின்று ஒரு வருடம் கழித்துத் திரும்ப ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தூக்கமே இல்லாமல், வாழ்ந்து என்ன பிரயோஜனம் என்ற நினைப்பு வருகிறது என்றால், 14416-க்கு அழையுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண், ராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.